ஃபார்மட் போடுவதற்கு முன்

விடியற்காலை நாலரைக்கெல்லாம் பழநி சாலையில் மினி லாரிகள் வந்து நிற்கத் தொடங்கிவிடும். எங்கள் ஆயக்குடிக் கொய்யா வெளிச்சத்துக்காகக் காத்திருக்காது. தோட்டத்திலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கி, விலை பேசி முடித்து, வெயில் ஏறுமுன் வெளியூருக்குக் கிளம்பிவிடும். அந்தச் சந்தடி தொடங்குவதற்கும் வீட்டில் மற்றவர்கள் எழுவதற்கும் நடுவில் எனக்கு ஒன்றரை மணி நேரம் கிடைக்கிறது. ஒரு வாரமாக அந்த நேரத்தைத் தங்கை மகனின் மடிக்கணினியோடு கழிக்கிறேன்.

கொண்டுவந்து வைத்த அன்று அவன் சொன்னது:

"மூணு கம்ப்ளெயின்ட் மாமா. ஆமை மாதிரி ஓடுது. கம்பைல் பண்ணா பாதியில நின்னுபோகுது. பத்து நாளா சத்தமே வரலை. கடையில ஃபார்மட் போட்டுட்டா எல்லாம் சரியாயிரும்னு சொல்றாங்க."

"கடையில என்ன பாத்தாங்க மாப்ள?"

"ஆன் பண்ணிப் பாத்தாங்க."

"அப்புறம்?"

"அவ்வளவுதான் மாமா."

*

அவன் அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினி அது. 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். அக்காவிடமிருந்து தம்பிக்கு வந்தது. 2 ஜிபி நினைவகம், சுழலும் ஹார்டு டிஸ்க், இரண்டு கோர் உள்ள சிபியு. இப்போது அதில் டெபியன் லினக்ஸ் ஓடுகிறது. டிஸ்கின் ஒரு பிரிவில் அக்காவின் பள்ளிக்காலக் கோப்புகளும் படங்களும் இன்னும் இருக்கின்றன. யாரும் அவற்றை வேறெங்கும் நகல் எடுத்து வைக்கவில்லை.

ஃபார்மட் போடுவதில் எனக்கு இருக்கும் முதல் தடை இதுதான். இரண்டாவது தடை இதைவிட ஆழமானது. ஃபார்மட் போட்டபின் கணினி சரியானால், என்ன கெட்டிருந்தது என்பது யாருக்கும் தெரியாது. சரியாகாவிட்டால் இன்னொரு முறை ஃபார்மட் போடச் சொல்வார்கள். இரண்டு வழியிலும் பையன் எதையும் கற்றுக்கொள்வதில்லை. நம் ஊர்களில் கணினி வந்து முப்பது வருடம் ஆகப்போகிறது. இன்னும் ஒரே மருந்தைத்தான் எல்லா நோய்க்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

லினக்ஸ் தன்னைப் பற்றி நிறையச் சொல்லும் அமைப்பு. கேட்கத் தெரிய வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இந்த இரண்டையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

*

முதல் நாள். மெதுவாக ஓடுவது.

ஃப்ரீ என்ற கட்டளையைக் கொடுத்தவுடன் பையன் பதறினான். மொத்தம் 2 ஜிபியில் ஃப்ரீ என்ற தலைப்பின் கீழ் நூறு எம்பிகூட இல்லை. "அதான் மாமா, மெமரி ஃபுல்லு!"

அந்தத் தலைப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. சும்மா கிடக்கும் நினைவகத்தை லினக்ஸ் வீணாக விடாது. டிஸ்கிலிருந்து படித்த கோப்புகளை அதில் வைத்துக்கொள்ளும், யாராவது கேட்டால் உடனே காலி செய்து கொடுக்கும். பார்க்க வேண்டியது கடைசித் தலைப்பு, அவைலபிள். புதிதாக ஒரு செயலி வந்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதன் மதிப்பீடு அது. ஆனால் இந்தக் கணினியில் அதுவும் குறைவாகவே இருந்தது. அடுத்த வரியில் ஸ்வாப், அதாவது நினைவகம் போதாதபோது தள்ளிவைக்க டிஸ்கில் ஒதுக்கிய இடம், ஏறக்குறைய நிரம்பியிருந்தது.

பிறகு விஎம்ஸ்டாட் கட்டளையை நொடிக்கு ஒரு வரி வரும்படி ஓடவிட்டேன். எஸ்ஐ, எஸ்ஓ என்று இரண்டு பத்திகள். ஸ்வாப்பிலிருந்து நினைவகத்துக்குள் வருவது ஒன்று, நினைவகத்திலிருந்து ஸ்வாப்புக்குப் போவது மற்றது. நல்ல உடல்நிலையில் இரண்டும் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். இங்கே இரண்டிலும் ஆயிரக்கணக்கில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. டாப் கட்டளையில் டபிள்யூஏ என்ற எண் அறுபதைத் தாண்டியிருந்தது. சிபியு தன் நேரத்தில் பாதிக்கு மேல் கணக்குப் போடவில்லை, டிஸ்க் பதில் சொல்லட்டும் என்று காத்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம்.

இந்தக் காத்திருப்பு எவ்வளவு பெரியது என்று அவனுக்குப் புரியவைக்க ஒரு கணக்குப் போட்டேன். நினைவகத்திலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 100 நானோ நொடி ஆகும். சுழலும் டிஸ்கில் தேடி எடுக்க ஏறத்தாழ 10 மில்லி நொடி. ஒரு லட்சம் மடங்கு. வாசலில் நிற்கும் மரத்திலிருந்து ஒரு கொய்யாவைப் பறிக்க ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள். அதே பழம் டிஸ்கில் இருந்தால் இருபத்தேழு மணி நேரத்துக்கும் மேலே ஆகும்.

அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தானே பிரவுசரைத் திறந்து, பதினான்கு டேப்களில் பதினொன்றை மூடினான். எஸ்ஓ பத்தி மெல்ல மெல்லப் பூஜ்யத்துக்கு இறங்கியது.

அதன்பின் செய்தவை சிறியவை. அடிப்பக்க மூடியைக் கழற்றி விசிறியில் அடைந்திருந்த தூசியை ஊதினோம். சூடு ஏறினால் சிபியு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அதனால் இதுவும் மருந்துதான். இசட்ராம் என்ற வசதியையும் போட்டுக் கொடுத்தேன். 2014இல் லினக்ஸ் கெர்னலில் முழுமையாகச் சேர்ந்த வசதி அது. டிஸ்குக்குத் தள்ள வேண்டியதைச் சுருக்கி நினைவகத்திலேயே ஒரு மூலையில் வைத்துக்கொள்ளும். சுருக்கவும் விரிக்கவும் சிபியுவுக்குச் சற்று வேலை கூடும். ஆனால் டிஸ்க்கிடம் போய் நிற்பதற்கு அது எவ்வளவோ மேல். இன்னொரு 2 ஜிபி சில்லு வாங்கிப் போட்டால் நிம்மதி. பழைய டிடிஆர்3 சில்லு திண்டுக்கல்லில் கிடைக்கும், தேடிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

*

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும், எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரோடு போயின.

பெரிய வேலைக்குப் போகுமுன் அவன் தன் கல்லூரிப் பாட நிரல் ஒன்றைக் காட்டினான். அங்கே டர்போ சி என்ற கம்பைலர். வீட்டில் ஜிசிசி. கோனியோ டாட் ஹெச் என்ற கோப்பே இல்லை என்கிறது ஜிசிசி. கிளியர் ஸ்கிரீனும் கெட்ச்சும் எங்கே என்கிறது. பையன் லினக்ஸில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று நினைத்துவிட்டான்.

விடுபடவில்லை. கோனியோ சி மொழியின் தரத்தில் என்றும் இருந்ததில்லை. டாஸ் காலத்துக் கம்பைலர்கள் திரையையும் விசைப்பலகையையும் நேரடியாகக் கையாள வைத்துக்கொண்ட சொந்தச் சரக்கு அது. டர்போ சியின் முதல் பதிப்பும் ஜிசிசியின் முதல் வெளியீடும் ஒரே வருடம் வந்தவை, 1987. ஒன்று அந்தக் காலத்து 16 பிட் கணினியோடு நின்றுவிட்டது. ரிச்சர்டு ஸ்டால்மன் தொடங்கிய மற்றது இன்றுவரை வளர்ந்துகொண்டிருக்கிறது. நம் பிள்ளைகளில் பலர் முதலாவதைத்தான் முதலில் தொடுகிறார்கள். இதில் எனக்கு வருத்தம் உண்டு. பாடத்தில் ஒரு வரியாவது இந்த வேறுபாட்டைச் சொல்லிவிட்டால் எத்தனையோ பிள்ளைகள் தங்கள் கணினியைக் குறை சொல்லாமல் இருப்பார்கள்.

அவனிடம் ஃபேக்டோரியல் நிரலை எடுக்கச் சொன்னேன். எட்டு ஃபேக்டோரியல் 40,320. டர்போ சியில் அது −25,216 என்று வரும். ஏனென்றால் அங்கே இன்ட் என்பது 16 பிட், 32,767க்கு மேல் அதில் கொள்ளாது. ஜிசிசியில் 32 பிட், அதனால் பன்னிரண்டு ஃபேக்டோரியல்வரை சரியாக வரும். பதின்மூன்றில் அதுவும் உடையும். அவன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். பதின்மூன்றில் உடைந்ததும் முகத்தில் ஒரு சிரிப்பு. பாத்திரத்தின் அளவு தெரிந்துவிட்டது.

வர்க்கமூலம் கண்டுபிடிக்கும் நிரலில் வேறு வகைப் பிழை. அண்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ். இது கம்பைலர் சொல்வதில்லை, அடுத்து வரும் லிங்கர் சொல்வது. எழுதியது சரி, கணித நூலகத்தைச் சேர்க்கச் சொல்லவில்லை. கட்டளையின் கடைசியில் அந்த நூலகத்தின் பெயரைச் சேர்த்ததும் முடிந்தது. யார் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை அங்கேயே முடிகிறது. நாற்பது வரி பிழை வந்தால் முதல் வரியைப் படி, கடைசி வரியைப் படிக்காதே என்றும் நோட்டில் எழுதிக் கொடுத்தேன். முதல் பிழை பெற்ற பிள்ளைகள்தான் மற்றவை எல்லாம்.

*

மூன்றாம் நாள். பாதியில் நின்றுபோவது.

அவன் கம்பைல் பண்ணிக் கட்ட முயன்றது டெசரக்ட். எழுத்துணரிச் செயலி. 1980களில் ஹெச்பி நிறுவனத்தில் பிறந்து, 2005இல் திறந்த மூலமாக வெளிவந்தது. படமாக இருக்கும் பக்கத்தைப் படித்து எழுத்தாக்கித் தரும், தமிழும் படிக்கும். கொய்யாவுக்கு அடுத்தபடி வெளியூரில் ஆயக்குடியின் பெயரைச் சொல்வது இங்குள்ள இலவசப் போட்டித்தேர்வுப் பயிற்சிதான். எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களில் அவனுக்கு நண்பர்கள் உண்டு. பழைய வினாத்தாள்களைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். தேடிப் படிக்க வசதியாக எழுத்தாக்கித் தரலாமே என்று இவனுக்கு எண்ணம். டெபியன் தொகுப்பில் தயாராகக் கிடைக்கும் பதிப்பைவிடப் புதியது வேண்டும் என்று மூலநிரலை இறக்கிக் கட்டினான்.

ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் நின்றது. சிசி1ப்ளஸ் என்ற நிரலை யாரோ கொன்றுவிட்டதாக ஒரே வரி. கில்டு. இந்தச் சொல்லை எல்லோரும் கண்ணால் தாண்டிப் போகிறார்கள். நான் அவனை நிறுத்திப் படிக்கச் சொன்னேன். நிரலில் தவறிருந்தால் கம்பைலர் வரி எண்ணோடு சொல்லும். அதுவும் ஒரே இடத்தில்தான் மறுபடி மறுபடி நிற்கும். இடம் மாறி மாறி நிற்கிறது, வரி எண்ணும் இல்லை, கொல்லப்பட்டது என்கிறது. அப்படியானால் கொன்றது யார்?

கெர்னலின் நாட்குறிப்பை டிமெசேஜ் கட்டளையில் திறந்தோம். அங்கே தெளிவாக எழுதியிருந்தது: நினைவகம் தீர்ந்தது, இந்த எண்ணுள்ள செயலி கொல்லப்பட்டது. லினக்ஸ் கேட்டவர்க்கெல்லாம் நினைவகம் தருவதாகச் சொல்லிவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து கேட்டால் கொடுக்க முடியாது. அப்போது முழுக் கணினியும் உறைந்துபோகாமல் இருக்க, பெரும்பாலும் அதிகம் தின்றுகொண்டிருக்கும் செயலியைத் தேர்ந்து முடித்துவிடும். அன்று பெரிய தீனிக்காரன் கம்பைலர்.

"மேக் கட்டளையில என்ன போட்ட மாப்ள?"

"வீடியோல சொன்னாங்க மாமா. ஜே நாலு போட்டா வேகமா முடியும்னு."

நான்கு கோப்புகளை ஒரே நேரத்தில் கட்டு என்று பொருள். சி ப்ளஸ் ப்ளஸில் ஒரு பெரிய கோப்பைக் கட்ட மட்டும் நூற்றுக்கணக்கான எம்பி தேவைப்படலாம். நான்கு சேர்ந்தால் 2 ஜிபியில் அமைப்புக்கும் பிரவுசருக்கும் இடம் எங்கே? வீடியோவில் பேசியவரின் கணினிக்கு நான்கு சரியாக இருந்திருக்கும். இந்தக் கணினிக்கு ஒன்று.

டிஸ்கில் 2 ஜிபிக்கு ஒரு ஸ்வாப் கோப்பும் உண்டாக்கினோம். கோப்பை உருவாக்கி, அனுமதியை 600 என்று இறுக்கி, மேக்ஸ்வாப், ஸ்வாப்ஆன். நான்கு வரி. அவனையே அடிக்கச் சொன்னேன். நான் விசைப்பலகையைத் தொடவில்லை. அவன் தப்பாக அடித்தபோதும் தொடவில்லை. இது எனக்குக் கடினமான பயிற்சியாக இருந்தது.

*

சின்னக் குறிப்பு, மறப்பதற்குள்.

இந்த மடிக்கணினியில் ஆரம்பத்தில் பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007இல் வெளியிட்ட இந்திய இயங்குதளம். தமிழில் பட்டிகள், தமிழில் தட்டச்சு. கணினி கைக்கு வந்த பிள்ளைகளுக்கு அது என்னவென்று உட்கார்ந்து சொல்ல ஆளில்லாததால் பல வீடுகளில் திறக்காமலே போயிற்று. 2012 ஜனவரியில் கணியம் இதழ் தமிழில் லினக்ஸையும் நிரலாக்கத்தையும் எழுதத் தொடங்கியது. நான் கற்றதில் பாதி அப்படித் தமிழில் எழுதி வைத்தவர்கள் தந்தது. முகம் தெரியாத அவர்களுக்கு என் நன்றி.

*

நான்காம் நாள். சத்தம்.

தை மாதம். ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து பாதயாத்திரைக் கூட்டம் இரவெல்லாம் வந்துகொண்டே இருக்கிறது. பச்சை வேட்டி, தோளில் காவடி, வெறுங்கால். அரோகரா என்ற குரல் தூரத்தில் எழுந்து, வீட்டைக் கடந்து, பழநிப் பக்கம் தேய்ந்து போகிறது. வெளியே அவ்வளவு ஒலி. மேசையில் ஊமையாக ஒரு கணினி.

ஒலி எந்த வழியாக வருகிறது என்று முதலில் ஒரு கோடு போட்டோம். பாட்டுச் செயலி. அடுத்து, பல செயலிகளின் ஒலியைச் சேர்த்தனுப்பும் சர்வர். அது முன்பு பல்ஸ்ஆடியோவாக இருந்தது, இப்போது பல இடங்களில் பைப்வயர். அதற்கும் கீழே ஆல்சா. செக் நாட்டைச் சேர்ந்த யாரோஸ்லாவ் கிசெலா தன்னிடமிருந்த ஒரு கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் அட்டையை லினக்ஸில் நன்றாகப் பேசவைக்க எழுதத் தொடங்கியது, 1998இல் ஆல்சாவாக உருவெடுத்தது. இன்று லினக்ஸ் மடிக்கணினிகளின் ஒலி அதன் வழியாகத்தான் போகிறது. கடைசியில் சில்லு, கம்பி, ஸ்பீக்கர். இந்தக் கோட்டில் எங்கோ ஓரிடத்தில் அறுந்திருக்கிறது. அது எந்த இடம் என்பதுதான் கேள்வி.

ஆல்சாமிக்சரைத் திறந்தோம். உயரமான பட்டைகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிறு பெட்டி. ஸ்பீக்கர் பட்டையின் கீழே எம்எம் என்றிருந்தது. மியூட். எம் விசையை அழுத்தினால் ஓஓ என்று மாறி வழி திறக்கும். பெரும்பாலான ஊமைக் கணினிகள் இந்த ஒரு விசையில் பேசிவிடும். இதுவும் திறந்தது. மறுபடி பாட்டைப் போட்டோம். அமைதி. திரும்பிப் பார்த்தால் மீண்டும் எம்எம்.

யாரோ மூடுகிறார்கள். கையால் திறந்தால் திரும்ப மூடுகிறார்கள்.

அப்போதுதான் என் இயர்ஃபோனைச் செருகச் சொன்னேன். காதில் வைத்தவன் முகம் மாறியது. "மாமா, கேக்குது!"

கோட்டின் முக்கால்வாசி ஒரே நொடியில் சந்தேகத்திலிருந்து விடுபட்டது. செயலி நன்றாக இருக்கிறது. சர்வர் நன்றாக இருக்கிறது. ஆல்சா, சில்லு, எல்லாம் நன்றாக இருக்கின்றன. இயர்ஃபோன் செருகினால் ஸ்பீக்கரைத் தானாக மூடும் ஏற்பாடு ஒன்று உண்டு. செருகும் துளைக்குள் ஒரு சிறு தொடுப்பு இருக்கிறது. இயர்ஃபோன் உள்ளே போனதும் அது விலகி, வந்துவிட்டது என்று சொல்லும். வெளியே எடுத்தபின்னும் இந்தக் கணினியில் அது விலகியே நின்றது. இல்லாத இயர்ஃபோனுக்குப் பத்து நாளாகப் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது.

கைவிளக்கை அடித்துத் துளைக்குள் பார்த்தோம். செம்மண் தூசி. இவன் விடுமுறையில் தோட்டத்துத் திண்ணையில் கணினியை வைத்துப் படிப்பவன். மின்னிணைப்பை எடுத்துவிட்டு, ஊதி, இயர்ஃபோன் முள்ளைப் பத்துப் பதினைந்து முறை செருகி எடுத்தோம். பிறகு ஆன் செய்து எம் விசையை அழுத்தினான். இந்த முறை ஓஓ அப்படியே நின்றது. ஸ்பீக்கரிலிருந்து பாட்டு வந்தது, கொஞ்சம் தகரச் சத்தத்தோடு. அடுப்படியிலிருந்து தங்கை எட்டிப் பார்த்தாள்.

ஃபார்மட் போட்டிருந்தால் அந்தத் தூசி போயிருக்காது. 2 ஜிபி 4 ஜிபி ஆகியிருக்காது. ஜே நாலு மறுபடி கம்பைலரைக் கொன்றிருக்கும். போயிருக்கக் கூடியது அக்காவின் படங்கள் மட்டும்.

*

ஐந்தாம் நாள் பாட்டு வந்தது, ஆனால் நடுவில் நடுவில் கிழிந்தது. கர்ர் என்று ஒரு கீறல், பிறகு சரியாகும்.

எனக்கு இது இந்த வாரத்தின் அழகான பகுதி. ஒலி என்பது கணினிக்கு நொடிக்கு 48,000 எண்கள். அவற்றை அது கொத்துக் கொத்தாகத் தொட்டியில் ஊற்றுகிறது, ஒலிச்சில்லு அதே வேகத்தில் குடிக்கிறது. ஒரு கொத்தில் 1,024 எண்கள் என்றால் 21 மில்லி நொடிக்குத்தான் தாங்கும். அதற்குள் அடுத்த கொத்து வராவிட்டால் தொட்டி வறண்டு, காதில் கீறல் விழும். மற்ற வேலைகளில் தாமதம் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். ஒலியில் தாமதத்தை மறைக்க முடியாது. நம் காதுதான் கணினியின் மிக நுட்பமான அளவுகோல்.

கீறல் எப்போது விழுகிறது என்று அவனையே குறித்துவைக்கச் சொன்னேன். டெசரக்ட் கட்டிக்கொண்டிருக்கும்போது மட்டும். விஎம்ஸ்டாட்டை மறுபடி ஓடவிட்டான். யாரும் சொல்லாமல் எஸ்ஓ பத்தியில் விரலை வைத்தான். "மாமா, ஸ்வாப்புக்குப் போற நேரத்துலதான் கிழியுது."

முதல் நாள் நோயும் மூன்றாம் நாள் நோயும் ஐந்தாம் நாள் நோயும் ஒரே நினைவகத்திலிருந்து வந்தவை. ஒன்று கண்ணுக்குத் தெரிந்தது, ஒன்று பிழைச் செய்தியாக வந்தது, ஒன்று காதில் விழுந்தது. அன்று அவன் பிரவுசரை முழுவதும் மூடி, கட்டும் வேலையை நைஸ் கட்டளையால் 19க்கு இறக்கினான். மற்ற வேலைகளுக்கு வழிவிட்டு, பெரும்பாலும் மிச்சம் கிடைக்கும் நேரத்தில் ஓடு என்று அதற்குப் பொருள். ஒரு நேரத்தில் ஒரு கோப்பு. நாங்கள் இருவரும் சாலைக்குப் போய்ப் பாதயாத்திரைக்காரர்களுக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டாருக்கு உதவினோம்.

திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. எங்கும் நிற்கவில்லை. ஒரு வினாத்தாளைக் கொடுத்துப் பார்த்தான். தமிழ் வந்தது. ணகரமும் னகரமும் இரண்டு இடத்தில் மாறியிருந்தன, அதைக் கையால் திருத்தினான். அக்காவுக்குப் படங்களை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்திருக்கிறான்.

உங்கள் வீட்டில் சத்தம் வராத மடிக்கணினி ஒன்று இருந்தால், கடைக்கு எடுத்துப் போகுமுன் ஓர் இயர்ஃபோனைச் செருகிக் கேட்டுப் பாருங்கள்.